முட்கிளைக்கு ஓர் இருக்கை

செப்டம்பர் 28

பள்ளிக்கூடத்தில் 'வேலை அனுபவம்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டுப் பண்ணைக்கும் போக, என்னையும் லிண்டிவேயையும் மலைமேல் இருக்கும் விண்வெளித் தரைநிலையத்தின் அஞ்சல் அறையில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, இரண்டு திரை, சுற்றாத மின்விசிறி. செவ்வாய்க்குச் சரக்கு கொண்டுபோகும் 'இன்யோனி' கலத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். இன்யோனி என்றால் ஜூலு மொழியில் பறவை. அந்த ஆறு பேரின் வீட்டார் அனுப்பும் குரலையும் எழுத்தையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பது எங்கள் வேலை. பிற்பகல் மூன்று பத்துக்கு வெளியே நிற்கும் பெரிய டிஷ் அதை அனுப்பும். இருபது நிமிடம்தான் நேரம். விட்டால் மறுநாள்தான்.

ஆறு பேரில் ஒருவன் என் அண்ணன் சுடலைமுத்து. 2079-இல் விண்வெளிக்குப் போகிறவனுக்கு இப்படி ஒரு பெயர். எனக்கு நாச்சியார். எல்லாம் அப்பாவின் ஏற்பாடு, முன்னோர் பெயர் விட்டுப்போகக் கூடாதாம்.

டிஷ்ஷை இயக்கும் பொறியாளர்களில் அம்மாவும் ஒருத்தி. அப்பா போன பிறகு, அண்ணனோடு பேசுகிற டிஷ் எங்கே இருக்கிறதோ அங்கேயே வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கி, அம்பாசமுத்திரத்திலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் இந்த மலையடிவாரத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

அம்மா தினமும் ஐந்து நிமிடம் பேசி அனுப்புவாள். முக்கால்வாசி என்ன சமைத்தாள் என்பதுதான். நான் ஒரே ஒரு சொல் அனுப்புவேன். 'நலம்.' அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் கலம் ஏறிப் போனவனுக்கு அதுவே அதிகம். அவன் கிளம்பி நாற்பதாம் நாள் அப்பா போனார். கொள்ளி வைக்கக்கூடச் சித்தப்பா மகன்தான் வந்தான்.

அண்ணனும் விடுவதில்லை. எந்தச் செய்தி வந்தாலும் கடைசியில் ஒரே கேள்வி.

"ஏட்டி நாச்சி, பேசுட்டி. அப்பா கடைசியா என்ன சொன்னாரு? நீதான பக்கத்துல இருந்த."

ஆமாம், நான்தான் இருந்தேன். அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியாயிற்று.

அக்டோபர் 3

செவ்வாயைச் சுற்றிக்கொண்டு ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள் இருக்கிறது. இன்யோனி பேசுவதையெல்லாம் அதுவும் கேட்டுச் சேமித்து வைத்து, பல நாள் கழித்துச் சொட்டுச் சொட்டாக நமக்கு அனுப்பும். அதற்குள் நேர்வழியில் எல்லாம் வந்து முடிந்து, கேட்டு, மறந்தும் போயிருக்கும். நிலையத்தில் எல்லோரும் அதை உன்வாபு என்கிறார்கள். பச்சோந்தி என்று அர்த்தம். ஏன் இந்தப் பெயர் என்று லிண்டிவேயிடம் கேட்டேன். வேலையைப் போட்டுவிட்டுக் கதை சொல்ல அவளுக்கு ஒரு சாக்கு போதும்.

ஆதியில் உன்குலுன்குலு, எல்லோருக்கும் முன்னால் தோன்றியவர், பச்சோந்தியைக் கூப்பிட்டு, 'மனிதர்களிடம் போய், உங்களுக்குச் சாவு கிடையாது என்று சொல்லிவிட்டு வா' என்று அனுப்பினாராம். பச்சோந்தி கிளம்பிற்று. வழியில் ஒரு புதரில் பழம் பழுத்திருந்தது. நின்று தின்றது. வெயில் இதமாக இருந்தது. கொஞ்சம் கண்ணயர்ந்தது. அதற்குள் அவர் மனசு மாறி, 'மனிதர்கள் சாவார்கள்' என்ற சொல்லோடு பல்லியை அனுப்பிவிட்டார். பல்லி ஒரே ஓட்டமாக ஓடி முதலில் சேர்ந்துவிட்டது. ஜனங்களும் சரி என்று கேட்டுக்கொண்டார்கள். பச்சோந்தி மெல்ல வந்து தன் சேதியைச் சொன்னபோது, 'நாங்கள் பல்லியின் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டோம்' என்று சொல்லிவிட்டார்களாம். ஏற்றுக்கொண்ட சொல்லை மாற்ற முடியாது.

எங்கள் ஊரிலும் பல்லி சொன்னால் நின்று கேட்பார்கள் என்றேன்.

"அப்போ உங்க ஊருக்கும் அதுதான் முதல்ல வந்திருக்கு" என்றாள் லிண்டிவே.

இப்போதும் பச்சோந்தியைக் கண்டால் அவர்கள் பக்கம் திட்டுவார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும், வேண்டுமென்றா தாமதித்தது என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேணும்னு பண்ணல. பழம் தின்னுச்சு, அவ்வளவுதான். அதனாலதான் கோபம் வருது."

மதியம் எனக்குப் பசிக்கவில்லை.

அக்டோபர் 9

நலம். இட்லி மாவு பொங்கவில்லை, இந்த ஊர்க் குளிரில் அது எழுந்திருப்பதாக இல்லை. அம்மா மாவுப் பாத்திரத்துக்கு என் ஸ்வெட்டரைப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 14

அப்பாவுக்கு முதல் திதி. அம்மா விடியும்முன் எழுந்து சமைத்தாள். வாழை இலைக்கு எங்கே போவது, எவர்சில்வர் தட்டில்தான் படைத்தோம். சோற்றை எடுத்துக்கொண்டு பின்புறம் போனால் இந்த ஊர்க் காக்கை மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. கழுத்திலும் மார்பிலும் வெள்ளை, பனியன் போட்டது மாதிரி. இதெல்லாம் நம் காக்கைக் கணக்கில் வருமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அது நம்மை மாதிரி யோசிக்கவில்லை. கூட்டாஞ்சோற்றில் இருந்த முருங்கைக்காயை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தின்றது. அம்மா அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

அண்ணன் செய்தி வந்தது. அங்கே ஆறு பேரும் ஒரு நிமிடம் விளக்கை அணைத்து அப்பாவை நினைத்தார்களாம். பிறகு என்னிடம்:

"இனிமே அதக் கேக்க மாட்டேன்ட்டி. ஒனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லு. இல்லன்னா அந்த ஒரு சொல்லு போதும்."

கேட்பதை நிறுத்திவிட்டான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

அக்டோபர் 16

இன்று 'நலம்' போடவில்லை. அவனுக்குக் கொஞ்சம் நீளமாக ஒன்று பேசி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். என்ன விஷயம் என்பது இங்கே எதற்கு. பதிவு செய்து கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழித்தேன். இரண்டாவதில் அழுதுவிட்டேன். அழித்தேன். லிண்டிவே வீட்டு மல்பெரி காய்த்துக் கொட்டுகிறதாம், ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். தின்றுகொண்டே யோசித்தேன். விரலெல்லாம் கறுப்புச் சிவப்பாகி, பொத்தானிலும் கறை. ஒன்பது முறை பேசினேன். ஒன்பதாவது பரவாயில்லை என்று தோன்றி நிமிர்ந்தால் மணி மூன்று பதினெட்டு. மூட்டை மூன்று பத்துக்கே பூட்டிப் போய்விட்டது. என் இடம் காலியாகவே போயிற்று.

போகட்டும். நாளைக்கு அனுப்பினால் ஆயிற்று. எங்கே ஓடிவிடப் போகிறான்.

அக்டோபர் 17

கலம் பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 18

இன்றும் இல்லை. டிஷ்ஷில் கோளாறாக இருக்கும் என்று அம்மா மூன்று முறை சோதித்தாள். டிஷ்ஷில் ஒரு கோளாறும் இல்லை. இதை ஒருவர் இவ்வளவு வருத்தத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை.

என்னுடைய ஒன்பதாவது பதிவை இன்றைய மூட்டையில் வைத்தேன். போய்க்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 20

சொல்லிவிட்டார்கள். வேறு மூன்று நாடுகளின் தொலைநோக்கிகள் பார்த்திருக்கின்றன. இன்யோனி இருந்த இடத்தில் இப்போது தூள்தான் பரவிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் தொட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு கணத்தில் முடிந்திருக்கும், அவர்களுக்குத் தெரிந்துகூட இருக்காது என்றார் இயக்குநர். இப்படிச் சொல்வது ஆறுதல் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்று பத்து ஆகிவிட்டது என்று எழுந்து போனாள். ஒலிவாங்கியை எடுத்து, இன்யோனி, இன்யோனி, தரைநிலையம் பேசுகிறது என்று கூப்பிட்டாள். பதில் வரப் போக இருபத்துநான்கு நிமிடம். முழுசாக உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 27

ஊரிலிருந்து சித்தப்பா பேசினார். உடம்பு இல்லாவிட்டால் என்ன, தருப்பையில் உரு செய்து எரித்துக் காரியம் பண்ணிவிடலாம், நாள் பார்க்கட்டுமா என்று கேட்டார். அம்மா தொலைபேசியை வாங்கினாள்.

"எம்புள்ளைக்கு எதுக்குக் காரியம்? அவன் சொல்லாம நான் எப்படி ஏத்துக்கிடுவேன்?"

வைத்துவிட்டாள். அண்ணன் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். அது மறுநாள் என் டிபன் டப்பாவில் வருகிறது.

நவம்பர் 4

உன்வாபு சொட்ட ஆரம்பித்திருக்கிறது. இன்யோனியிடமிருந்து கடைசியாகக் கேட்ட ஒரு குரல்பதிவு அதன் வயிற்றில் இருக்கிறதாம். நேர்வழியில் நமக்கு வந்து சேராத ஒன்று. முழுசாக வர நான்கு நாள் ஆகும். யாருடைய குரல் என்பது முடிவில்தான் தெரியும். ஆறு வீட்டுக்காரர்களும் காத்திருக்கிறார்கள். அம்மா இன்று தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நவம்பர் 8

அண்ணன்தான். அஞ்சல் அறைக்கு வந்தால் முதலில் திறப்பது நாங்கள்தானே. லிண்டிவே எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று நிமிடம்.

அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றே முக்கால் நிமிடம். கடைசியில் இரைச்சல், வெட்டிவிட்டேன்.

"அம்மா, நாங்க ஆறு பேரும் நல்லா இருக்கோம். இன்னும் முப்பது நாள்ல எறங்கிருவோம். நீங்க சொன்ன மாதிரி துவையலத் தண்ணி ஊத்திக் கலக்கித் தின்னேன், சகிக்கல. கவலப்படாதீங்க, நல்லா இருக்கோம்."

அது பதிவான நேரம் திரையில் தெரிகிறது. கலம் சிதறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். எட்டு முறை கேட்டாள்.

"பாத்தியா, நல்லா இருக்கோம்ங்கான்" என்றாள்.

மல்பெரிக் கறை நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. எத்தனை நாள் ஆயிற்று, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். இருக்கவே வாய்ப்பில்லை என்கிறாள் லிண்டிவே, அவள் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

நவம்பர் 13

இருபத்தோராம் தேதி டிஷ்ஷைத் திருப்புகிறார்கள். வியாழன் பக்கம் போகும் இன்னொரு கலத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களோடும் யாராவது பேச வேண்டும். அம்மா தினம் பத்து நிமிடம் மட்டும் கேட்டுப் பார்த்தாள். இயக்குநர் முடியாது என்று சொல்லவில்லை, தரையைப் பார்த்தார்.

இருபதாம் தேதிதான் கடைசிக் கூப்பிடல். அதற்குப் பிறகு அம்மா என்ன செய்வாள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று கையால் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள்.

மூட்டை கட்ட ஒன்றும் இல்லாததால் நானும் லிண்டிவேயும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருஷம் முன்பு டர்பன் சாலையில் லாரி மோதி இறந்தவர். அடக்கம் செய்வதற்கு முன்பு அவளும் மாமாவும் விபத்து நடந்த இடத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். உடம்பை இல்லை, அவரை. வெளியே எங்காவது இறந்துபோனவர் அந்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடுவார், வழி தெரியாது. வீட்டு மனிதர் போய் உம்லாலன்கோசி மரத்துக் கிளையை அந்த இடத்தில் வைத்துக் கூப்பிட வேண்டும். அவர் கிளையில் வந்து உட்காருவார். அங்கிருந்து வீடு வரை கிளையைப் பிடித்திருப்பவர் அவரோடு மட்டும்தான் பேசலாம், வேறு யாரோடும் பேசக் கூடாது. திருப்பம் வந்தால் திருப்பம் என்று சொல்ல வேண்டும். ஆறு வந்தால் ஆற்றைத் தாண்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கரையிலேயே நின்றுவிடுவார். வண்டியில் அவருக்கும் ஓர் இருக்கை எடுக்க வேண்டும்.

செவ்வாய்ப் பக்கம் தூளாகப் போனவனை எந்த இடத்தில் போய்க் கூப்பிடுவது என்று கேட்டேன். அவள் சுவருக்கு அப்பால் டிஷ் நிற்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவன் குரல் எங்க வந்து விழுந்துச்சு? இந்த டிஷ்லதானே. அது அவன் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கூப்பிடு, நாச்சி. திருப்பிட்டா அப்புறம் எங்கன்னு தேடுவ?"

நவம்பர் 17

லிண்டிவே அந்த மரத்தைக் காட்டினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன், நம் இலந்தை மரத்துக்குச் சொந்தக்காரன். அதே இலை, ஜோடி ஜோடியாக முள், ஒன்று நேராக, ஒன்று வளைந்து. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் இலந்தப்பழம் பறிக்க அண்ணன் என்னைத் தோளில் ஏற்றுவான். முள் கிழித்தால் எச்சில் தொட்டு வைப்பான். அது மருந்து என்று வெகுநாள் நம்பினேன்.

சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஜூலுவில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இதையும் காரியம் என்பாள்.

நவம்பர் 20

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை. லிண்டிவே கிளையைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மதியம் இரண்டு மணிக்கு டிஷ்ஷின் அடிக்குப் போனேன். அம்மா உள்ளே கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். கிளையை டிஷ்ஷின் காலில் வைத்தேன். வோசா, சியஹாம்பா என்றேன். வா, கிளம்புகிறோம் என்று அர்த்தம். ஒரு தப்பில்லாமல் சொன்னேன். லிண்டிவே கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள். கண்கூடக் கலங்கவில்லை. இவ்வளவுதானா என்றுகூட இருந்தது.

நிலைய வாசலில் நிற்கும் ஓட்டுநரில்லாத பஸ்ஸில் இரண்டு இருக்கை கேட்டு அழுத்தினேன். இரண்டாவது பயணி யார், முகத்தைக் காட்டவும் என்றது. கிளையைக் காட்டினேன். பயணி இல்லை என்றது. மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் மரியாதையாக, பயணி இல்லை என்றது. இறங்கி, சரிவில் நடந்தே பிரதான சாலைக்கு வந்தேன். அங்கே பழைய வெள்ளை வேன்கள்தான் டாக்ஸியாக ஓடுகின்றன. பாபா மகுபானே என்ற பெரியவரின் வண்டி நின்றது. பாட்டு அலறிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த கிளையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், பாட்டை நிறுத்தினார், ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பி எங்கள் இரண்டு பேருக்கும் இடம் விடச் சொன்னார். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கோழியை மடியில் வைத்திருந்த அம்மாள் அதன் வாயைக்கூட மூடிப் பிடித்துக்கொண்டாள்.

உம்கொமாசி ஆற்றுப் பாலம் வந்ததும் பாபா வேகத்தைக் குறைத்தார். நான் சொல்வதற்காகத்தான். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். ஆற்றுக்கு வந்துவிட்டோம், வா, தாண்டுவோம். பாலத்தைத் தாண்டினோம். கீழே தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் பாலத்தில் நிற்பான் என்று நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்கு ஜூலு தெரியாது.

அவன் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. வோசா என்று யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று டிஷ்ஷின் அடியிலேயே நின்றிருப்பான். இரண்டு மணியிலிருந்து வெறும் முள்ளை இருக்கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். பேச முடியாமல் எழுந்து நின்று கையை ஆட்டினேன். பாபா ஓரமாக நிறுத்திப் பின்னால் திரும்பினார்.

"விட்டுட்டு வந்துட்டியா, மகளே?"

தலையாட்டினேன். வண்டி நிறைய ஆட்கள், எல்லோருக்கும் வீடு இருக்கிறது, சனிக்கிழமைச் சாமான் இருக்கிறது. அவர் அவர்களைப் பார்த்தார். கோழிக்கார அம்மாள், திருப்பு என்று கையைக் காட்டினாள். பாபா வண்டியைத் திருப்பினார்.

நிலைய வாசல்வரை கொண்டுவந்து விட்டு, காத்திருப்பதாகச் சொன்னார் பாபா. மணி நான்கு ஆகப் போகிறது. அம்மா கடைசிக் கூப்பிடலை முடித்துவிட்டு வெளியே வந்து, டிஷ்ஷின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், கையில என்ன, ஏன் இங்க வந்த என்றாள். பதில் சொல்லக் கூடாது. கிளையைக் கீழே வைத்தேன். ஜூலுவில் சுலபமாக வந்த வாக்கியம் தமிழில் வாயைவிட்டு வரவே மாட்டேன் என்றது.

"அண்ணே, நான் நாச்சி. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். மொதல்ல வந்தப்ப தெரியாத பாஷையில கூப்பிட்டுட்டேன். முழிச்சிட்டு நின்னிருப்ப."

அம்மா என் தோளைப் பிடித்தாள். "நாச்சி, என்ட்டப் பேசு. என்னட்டி பண்ணுத?"

"அண்ணே, அம்மா பேசச் சொல்லுதா. இப்ப நான் ஒன்ட்ட மட்டுந்தான் பேசலாம். நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, அதச் சொல்லிருதேன். அப்பா பேசினாரு. 'முத்துப் பய போனது சரிதான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு அவன்ட்டச் சொல்லிருட்டி'ன்னாரு. நான் சொல்லல. அப்பாவ விட்டுட்டுப் போனவனுக்கு அந்த நிம்மதி எதுக்குன்னு வச்சிக்கிட்டேன். ஒரு வருஷம் வச்சிக்கிட்டேன். அன்னைக்குச் சொல்லத்தான் உக்காந்தேன், அண்ணே. பழம் தின்னுக்கிட்டே உக்காந்திருந்துட்டேன். நலம்கூடப் போடல."

அம்மாவின் கை என் தோளிலிருந்து இறங்கிவிட்டது. நிறுத்தினால் இனி எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"ஒன் கடைசிச் செய்தியில பாதிய அம்மாட்ட நான் குடுக்கல. 'ஏட்டி, இன்னைக்கு ஒன் சொல்லு வரலயே, ஒடம்பு சரியில்லையா? அது வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்'னு கேட்டிருந்த. நான் நல்லாத்தான் இருந்தேன். ஒனக்குத்தான் தெரியாமப் போச்சு. கோவமா இருந்தாலும் வந்துரு அண்ணே. நாளைக்கு இதத் திருப்பிருவாங்க. வா, போவோம்."

கிளையை எடுத்தேன். அது கனத்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். அப்படியேதான் இருந்தது. ஒரு முள் உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. அண்ணே, வாசல், இடப்பக்கம் திரும்புதோம் என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். அம்மா வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாசலைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

வண்டியில் முன்பு இருந்த அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். எங்களைப் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்டார் பாபா.

அம்மா கிளையைப் பார்த்தாள். அவன் இல்லை என்ற சொல்லை முப்பத்தொரு நாளாக அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு பேர்" என்றாள், தமிழிலேயே.

கிளையை ஜன்னலோரம் வைத்தோம், அவனுக்கு எப்போதும் ஜன்னல் வேண்டும். ஒரு பக்கம் நான், மறு பக்கம் ஜன்னல் என்பதால் அம்மா முன்னிருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து, முள் முகத்தில் படாமல் இலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இது பெட்ரோல் காலத்துக் கடை, இப்போது கோழி விற்கிறார்கள். இது என் பள்ளிக்கூடம், சாப்பாடு கண்றாவி. ஆறு வந்தது. "அண்ணே, ஆத்தத் தாண்டுதோம், என் கையப் பிடிச்சிக்கோ" என்றேன். இந்த முறை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அழுகையோடு சொன்னாலும் சொன்னதுதான் என்று லிண்டிவே ராத்திரி போனில் சொன்னாள்.

தெருமுனையில் இறங்கிக்கொண்டோம். எட்டாம் நம்பர், பச்சை கேட், நாய் கிடையாது, படியில் ஒரு கல் ஆடும், பார்த்து வா என்று சொல்லிக் கதவருகில் நின்றேன். சாவி அம்மாவிடம் இருந்தது. திறந்தாள். விலகி நின்றாள். நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"உள்ள வாய்யா."

கிளையை வாங்கி அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இனி நான் யாரோடும் பேசலாம். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அப்பா வேற என்ன சொன்னாரு?" என்றாள்.

அவள் மாத்திரை வாங்கிக்கொண்டு வர நேரமானதைப் பற்றி, அவ செருப்புப் பிஞ்சிருக்கும், மெதுவா வரட்டும் என்று சொன்னதைச் சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கலம் சிதறிய பிறகு இன்றுதான் அழுதாள்.

நவம்பர் 21

மூன்று பத்துக்கு டிஷ்ஷைத் திருப்பிவிட்டார்கள். லிண்டிவே செய்தி அனுப்பினாள். அம்மா விடுப்பு போட்டுவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சரி என்றாள். துருவல் ஒரு நிமிடம் நின்றது, பிறகு தொடர்ந்தது. சித்தப்பாவிடம் அவளே பேசி நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

இன்று இரண்டு பேருக்குத்தான் சமைத்தாள். அதோடு கிளைக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம், தண்ணீர் ஊற்றிக் கலக்காத துவையல்.

அஞ்சல் பெட்டியில் என் இடத்தை இன்னும் மூடவில்லை. பழக்கத்தில் திறந்து 'நலம்' என்று அடித்தேன். பிறகு அழித்தேன். நாங்கள் நலமாக இல்லை, அண்ணே. அனுப்பவும் வேண்டாம், நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய்.